பெட்டிக்குப் பூட்டு உண்டு, பட்டியலுக்கு?



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், நிக்காஹ் பதிவு, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அதற்குள்தான். வெள்ளம் வந்தாலும் நெருப்புப் பிடித்தாலும், பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக உங்கள் கை தேடுவது அந்தப் பையைத்தான்.

அந்தப் பையை எடுக்க முடியாமற்போன வீட்டுப் பிள்ளை நான். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும்படி விடுதலைப் புலிகள் பணித்தபோது எனக்கு ஒன்பது வயது. சோனகத் தெருவிலிருந்து நாங்கள் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். அங்கே எந்தப் படிவத்தை நிரப்பினாலும் ‘உறுதி இலக்கம்’ என்ற இடத்தில் வாப்பாவின் பேனை நின்றுவிடும். ஒரு காகிதத்தின் பெறுமதி என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பின்னர் அரபுக் கல்லூரியில் ஓதி, மௌலவி ஆசிரியராக நியமனம் பெற்று, யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தேன். இங்கே என்னுடன் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கீரிமலையைச் சேர்ந்தவர். அவருக்கும் எனக்கும் நடந்த ஒரு சங்கதியைத்தான் இம்மாதம் சொல்லப் போகிறேன். கொம்பியூட்டர் விடயம்தானே, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சீட்டுப் பிடிக்கும் சகோதரிக்கும், தையற்கடைக் கணக்கு எழுதும் சகோதரிக்கும், மத்ரஸாவில் கட்டணப் பட்டியல் வைத்திருக்கும் சகோதரிக்கும் இதில் வேலை இருக்கிறது.

கீரிமலையில் ஒரு பட்டியல்

கீரிமலையை அறியாதவர் குறைவு. நகுலேஸ்வரர் கோயிலும், கடலோரத்து நன்னீர்க் கேணியும் உள்ள ஊர். கேணிக்குள் இருப்பது ஊற்றுநீர். அப்பால் உப்புக் கடல். இடையில் ஒரு சுவர்.

வலிகாமம் வடக்கின் ஏனைய ஊர்களைப் போலவே இந்த ஊர் மக்களும் 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் பலர். யுத்தம் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2016 இல் கீரிமலையில் இடம்பெயர்ந்தோருக்கென வீடுகளும் கட்டிக் கையளிக்கப்பட்டன. ஒரே வருடத்தில் அவர்கள் வீட்டை விட்டார்கள். சில மாதம் கழித்து நாங்கள் விட்டோம். ஆகவே, ரீச்சர் தம் ஊரின் கதையைச் சொல்லும்போது எனக்கு அதில் அந்நியம் தெரியவில்லை.

அவர் தம் ஊர் மாதர் சங்கத்தின் செயலாளர். காணி எத்தனை பரப்பு, உறுதி யாருடைய பெயரில், அடையாள அட்டை இலக்கம் என்ன, பிள்ளைகள் எத்தனை பேர் என்று நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் விபரங்களைப் பழைய கொம்பியூட்டர் ஒன்றில் எக்செல் பட்டியலாக வைத்திருந்தார். கேட்டு வருபவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஒழுங்கு வேண்டும். ஒருவர் பெயர் வரிசையில் கேட்பார். இன்னொருவர் காணி வரிசையில் கேட்பார். ரீச்சர் இரவிரவாக இருந்து திரும்பத் திரும்பத் தட்டச்சுச் செய்வார்.

“மௌலவி சேர், ஒரே வேலையை எத்தனை தரம் செய்யிறது? இதுக்கு ஒரு வழி இல்லையா?” என்று ஒருநாள் கேட்டார்.

வழி இருந்தது. அதன் பெயர் மெக்ரோ.

மெக்ரோ என்றால் என்ன?

மூத்த மகளுக்குத் தேத்தண்ணி போடப் பழக்கும்போது, தண்ணீரைக் கொதிக்க வை, சாயத்தை வடி, இஞ்சியைத் தட்டிப் போடு, சீனியை அளந்து போடு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறீர்கள். அடுத்த வாரம் “வழக்கம்போலத் தேத்தண்ணி போடு மகள்” என்ற ஒரு வார்த்தை போதும். எல்லாப் படிகளும் அந்த வார்த்தைக்குள் அடங்கிவிட்டன. மெக்ரோவும் அப்படித்தான். பல படிகளைக் கொண்ட ஒரு வேலைக்குப் பெயர் சூட்டி வைத்தால், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொன்னவுடன் இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடும்.

இப்படிப் படிப்படியாக வேலையை வகுக்கும் முறைக்கு அல்கோரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயரே மருவி அச்சொல்லாயிற்று. அவருடைய அல்ஜிப்ரா நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்கு ஆகியவற்றின் கணக்குகளாகும்.

மெக்ரோ எழுதக் கணினி மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். எக்செலில் ‘வியூ’ என்ற பகுதிக்குப் போனால் ‘மெக்ரோஸ்’ என்றும், அதற்குள் ‘ரெக்கோர்ட் மெக்ரோ’ என்றும் இருக்கும். அதை அழுத்தி இடைவெளி இல்லாத ஒரு பெயரைக் கொடுங்கள். பிறகு வேலையை ஒருமுறை நிதானமாகச் செய்யுங்கள். முடிந்ததும் ‘ஸ்டொப் ரெக்கோர்டிங்’ என்பதை அழுத்துங்கள். நீங்கள் செய்த அத்தனையும் பதிவாகிவிடும். வேர்டிலும் இதே வசதி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸிலும் உண்டு. அங்கே அமைப்புப் பகுதியில் அதை முதலில் இயக்கிவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கோப்பைச் சேமிக்கும்போது ‘மெக்ரோ எனேபிள்ட்’ என்ற வகையைத் தெரிவு செய்யாவிட்டால் பதிவு செய்த மெக்ரோ போய்விடும். அடுத்து, எக்செலில் மெக்ரோ செய்த வேலையை ‘அன்டூ’ அழுத்தித் திருப்ப முடியாது. ஆகவே முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியிலேயே பரீட்சித்துப் பாருங்கள்.

நாங்கள் செய்த வேலைகள்

ரீச்சரின் பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. இலங்கையில் பல வருடம் எல்லோரும் தட்டச்சுச் செய்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றுவதே முதல் வேலை. ஓர் எழுத்தைத் தேடி இன்னோர் எழுத்தை இடும் படிகளைப் பதிவு செய்தோம். பாமினியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிப்போம். யூனிகோடிலோ மெய் முன்னே, கொம்பு பின்னே. அதனால் ‘கொ’, ‘கோ’ போன்ற கூட்டுகளை முதலில் மாற்றி, ‘கெ’, ‘கே’ ஆகியவற்றை அடுத்து மாற்றி, தனி எழுத்துக்களைக் கடைசியில் மாற்ற வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் கொம்பு வேறெங்கோ போய் நிற்கும். இரண்டு தரம் பிழைத்து, மூன்றாந்தரம் சரியாக வந்தது.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடத்தைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் வருடம் நான்கு இலக்கமாக வரும். பெண் என்று எழுதியிருக்கும் வரியில் அந்த மூன்று இலக்கங்கள் 500க்குக் குறைவாக இருந்தால் எங்கோ பிழை. இப்படிச் சோதித்து, பிழையான வரிகளுக்கு மஞ்சள் நிறமிடும்படி ஒரு மெக்ரோவை அமைத்தோம்.

சகோதரிகளே, இதில் இன்னொரு பாடமும் உண்டு. உங்கள் அடையாள அட்டை இலக்கத்தைத் தெரிந்தவருக்கு உங்கள் பிறந்த திகதியும் தெரிந்துவிடும். அதனை எங்கும் எளிதாக எழுதிக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, கேட்பவருக்குத் தேவையானதை மட்டும் கொடுப்பது. முதலில் நாங்கள் அடையாள அட்டை நிரலை ‘ஹைட்’ செய்து மறைத்துவிட்டு முழுக் கோப்பையும் அனுப்பினோம். அது தவறென்று பிறகுதான் எனக்கு உறைத்தது. மறைத்த நிரலை யாரும் இரண்டு அழுத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். மறைப்பது வேறு, கொடுக்காமல் இருப்பது வேறு. ஆகவே, வேண்டிய நிரல்களை மட்டும் புதிய கோப்பில் பிரதி செய்து கொடுக்கும்படி மெக்ரோவை மாற்றினோம்.

நான்காவது, வேலை முடிந்ததும் திகதியிட்ட ஒரு பிரதியைப் பென் டிரைவில் சேமிப்பது. பதிவு செய்த மெக்ரோ பதிவு நாளில் இட்ட பெயரையே திரும்பத் திரும்ப இடும். அன்றைய திகதியைத் தானாக எடுக்க வேண்டுமாயின் அதிலுள்ள ஒரு வரியை மாற்ற வேண்டும். அதையும் மாற்றிக் கொடுத்தேன்.

இரவிரவாக இருந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ரீச்சருக்குச் சந்தோஷம். எனக்கும் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமைதான் வினையாயிற்று.

நான் திறந்து வைத்த கதவு

மெக்ரோ உள்ள கோப்பைத் திறக்கும்போது மேலே ஒரு மஞ்சள் பட்டி தோன்றி, மெக்ரோவை அனுமதிக்கலாமா என்று கேட்கும். “ஒவ்வொரு நாளும் இது கேக்குது சேர்” என்றார் ரீச்சர். தொல்லை இருக்கக்கூடாதென்று அமைப்புப் பகுதிக்குள் போய், எல்லா மெக்ரோக்களையும் அனுமதி என்ற இடத்தில் அடையாளமிட்டேன். ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தது. வாசித்தேன்; பொருட்படுத்தவில்லை.

சில மாதம் கழிந்தது. ஒருநாள் அயலவர் ஒருவர் பென் டிரைவில் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். வீட்டுத்திட்ட விண்ணப்பம் என்று அதற்குப் பெயர். யாரோ மின்னஞ்சலில் அனுப்பியதை ஒரு கடையில் இறக்கி எடுத்திருந்தார். ரீச்சர் திறந்தார். மஞ்சள் பட்டி தோன்றவில்லை. தோன்றாதபடி செய்தவன் நான் அல்லவா! கோப்பில் ஒன்றுமில்லை, வெறும் பக்கம். மூடிவிட்டார்.

மறுநாட் காலையில் எந்தக் கோப்பும் திறபடவில்லை. பெயர்களின் வாலில் புரியாத எழுத்துக்கள். திரையில், பணம் கட்டினால் திறப்புத் தருவோம் என்று ஓர் ஆங்கில அறிவித்தல். இயந்திரத்திலேயே குத்தியிருந்த பென் டிரைவும் அதே கதி. அதில்தான் திகதியிட்ட பிரதிகள் எல்லாம் இருந்தன.

ரீச்சர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. “சனத்தின்ர விபரம் எல்லாம் ஆற்ற கையில போச்சோ தெரியாது சேர்” என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. காகிதத்தை இழந்த வீட்டிலிருந்து வந்த நானே, காகிதத்தை இழந்த இன்னோர் ஊரின் பட்டியலுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டேன்.

நல்ல காலம், ரீச்சர் தாமாகவே இன்னொரு பென் டிரைவில் பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தார். அது மூன்று வாரத்துக்கு முந்தியது. மூன்று வாரப் பதிவுகள் மட்டும் போயின. பணம் கட்டவில்லை. இயந்திரத்தை முற்றாகத் துடைத்துப் புதிதாக ஏற்றினோம். விபரம் வெளியே போயிருக்கலாம் என்பதைச் சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். அது அந்தக் குடும்பங்களுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

உலகத்திலும் இதே கதை

இது எங்கள் அறியாமை மட்டுமல்ல. 1995 இல் ‘கொன்செப்ட்’ என்ற மெக்ரோ வைரஸ் வேர்ட் கோப்புகள் மூலம் உலகமெங்கும் பரவியது. 1999 மார்ச் 26 இல் ‘மெலிஸா’ வந்தது. கோப்பைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலிலுள்ள முதல் ஐம்பது பேருக்கு அது தன்னைத்தானே அனுப்பியது. அதை உருவாக்கிய அமெரிக்கர் டேவிட் ஸ்மித்துக்கு 2002 இல் இருபது மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2015 டிசம்பர் 23 இல் உக்ரைனில் சுமார் 225,000 மின் பாவனையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். மின்விநியோக நிறுவனங்களின் ஊழியர்கள் மாதக்கணக்கில் முன்னரே மின்னஞ்சலில் வந்த கோப்புகளைத் திறந்து மெக்ரோவை அனுமதித்ததே அதற்கு முதற்படி.

இதனால் 2022 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம், இன்டர்நெட்டிலிருந்து வரும் கோப்புகளின் மெக்ரோவைத் தானாகவே தடுக்கும்படி ஒபிஸை மாற்றியது. ஆனால் பழைய ஒபிஸ் வைத்திருப்பவருக்கு அந்தக் காவல் இல்லை. இன்டர்நெட்டிலிருந்து வந்தது என்ற அடையாளமும் பெரும்பாலான பென் டிரைவ்களில் பிரதி செய்யும்போது அழிந்துவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

இப்போது நாங்கள் கைக்கொள்ளும் முறை

மெக்ரோவை நாங்கள் கைவிடவில்லை. கத்தி வெட்டியது என்று சமையலை நிறுத்துவோமா? கத்தியைப் பிள்ளை எடுக்காத இடத்தில் வைப்போம்.

ஒன்று: எச்சரிக்கைப் பட்டியை அணைக்கவே கூடாது. எங்கள் மெக்ரோக் கோப்பை வைக்க ஒரே ஒரு கோப்புறையை மட்டும் நம்பிக்கையான இடமாக அமைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் எதையும் அதற்குள் போடுவதில்லை.

இரண்டு: கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னாலுள்ள எழுத்துக்களைப் பார்ப்போம். எக்செல், வேர்ட் கோப்புகளில் கடைசி எழுத்து ‘எக்ஸ்’ ஆனால் அதற்குள் மெக்ரோ இருக்க முடியாது. ‘எம்’ ஆனால் இருக்கலாம். கடைசியில் இரண்டும் இல்லாத பழைய வகையிலும் இருக்கலாம். விண்ணப்பப் படிவத்துக்கு மெக்ரோ எதற்கு? அப்படி வந்தால் திறக்காமல் அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேட்போம்.

மூன்று: ‘புரொடெக்ட் ஷீட்’ என்பது கை தவறி அழித்துவிடாமல் காக்கும் வேலி, அது கள்வனுக்குப் பூட்டல்ல. உண்மையான பூட்டு, ‘ஃபைல்’ பகுதியில் ‘இன்ஃபோ’வுக்குள் உள்ள ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்’. அதை இட்டால் கடவுச்சொல் இல்லாமல் கோப்பு திறபடாது. மறந்துவிட்டால் மைக்ரோசொப்ட்டாலும் திறந்து தர முடியாது. ஆகவே கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறுதி வைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். அதை மெக்ரோவுக்குள் எழுதி வைப்பது, திறப்பைக் கதவிலேயே தொங்கவிடுவதைப் போன்றது.

நான்கு: மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று கொம்பியூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறொரு வீட்டில். பென் டிரைவை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஐந்து: மெக்ரோ இல்லாமலே முடியும் வேலைக்கு மெக்ரோ வேண்டாம். நூறு பேருக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அடிக்க வேர்டில் ‘மெயில் மேர்ஜ்’ இருக்கிறது. அது போதும்.

அமானிதம்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும் (2:282). எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பது அதில் இருக்கிறது. நாம் எழுதி வைக்கும் பட்டியல் பிறருடைய அமானிதம் என்பதை ஓதிப் படித்த நானே மறந்தேன். இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பிறருடைய விபரத்தைப் பேணுவது இப்போது சட்டம் பேசும் விடயமுமாகிவிட்டது.

போன மூன்று வாரப் பதிவுகளைத் திரும்ப எடுக்க, சனிக்கிழமைகளில் ரீச்சருடனும் சங்கத்துப் பெண்களுடனும் நானும் வீடு வீடாகப் போனேன். ஒரு வயதான அம்மா, பொலித்தீனில் சுற்றிய உறுதியை எடுத்து வந்தார். அவருடைய தாயின் சீதன உறுதி அது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் அதை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாராம். நான் முஸ்லிம் என்று தொப்பியைப் பார்த்து அறிந்துகொண்டார்.

“உங்கட ஆக்களும் உறுதியை விட்டிட்டுத்தானே தம்பி போனவை?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா” என்றேன்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்தானே. இதைக் கவனமாப் பூட்டி வையுங்கோ” என்று உறுதியை என் கையில் தந்தார்.

இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியில் கேணியடியில் சற்று நின்றோம். ஒரு சுவர்தான் அந்த நன்னீரை உப்பாகாமல் காக்கிறது. வழி குறுகும் என்று அந்தச் சுவரில் யாராவது ஒரு கல்லைக் கழற்றுவார்களா? நான் கழற்றியிருந்தேன்.

சகோதரிகளே, இன்றிரவு உங்கள் வீட்டுக் கொம்பியூட்டரைத் திறந்து, எச்சரிக்கைப் பட்டி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பிள்ளைகளைக் கொண்டு பாருங்கள். அலுமாரிப் பையிலுள்ள காகிதங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். பிறகு, நீங்கள் அடிக்கடி செய்யும் ஒரு சிறு வேலைக்கு ஒரு மெக்ரோவைப் பதிவு செய்து பழகுங்கள். இன்ஷா அல்லாஹ், மிஞ்சும் நேரம் உங்களுடையது.